காணாமல் போன குழிகள்

1989-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி. மேற்கு வங்காளத்தில் ராணிகஞ்ச் என்ற ஊர். அங்கே மகாவீர் என்ற நிலக்கரிச் சுரங்கம். பூமிக்கு அடியில் தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கரியை உடைக்க வெடி வைத்தார்கள். ஒரு சுவர் உடைந்தது. தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து வந்தது.

பலர் தப்பி மேலே வந்துவிட்டார்கள். 71 பேர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் 6 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். மீதி 65 பேரைக் காப்பாற்ற மேலிருந்து ஒரு துளை போட்டார்கள். ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்தார்கள். அதைத் துளை வழியாக இறக்கினார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் அந்தக் கூண்டில் ஏறிக் கீழே போனார். ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். 65 பேரும் மேலே வந்த பிறகு, கடைசி ஆளாக அவர் வந்தார்.

அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஆற்றிலிருந்து வரவில்லை. மழையும் இல்லை. கரி எடுத்து முடித்து, கைவிட்ட பழைய சுரங்கப் பகுதி ஒன்று அங்கே இருந்தது. அதில் தேங்கிக் கிடந்த தண்ணீர்தான் அது.

இதைவிடப் பெரிய விபத்து 1975-ல் நடந்தது. தன்பாத் அருகே சாஸ்நாலா என்ற இடம். டிசம்பர் 27-ஆம் தேதி, தேங்கியிருந்த தண்ணீர் சுரங்கத்துக்குள் இறங்கியது. அதில் 375 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2018-ல் மேகாலயாவில் க்சான் என்ற இடத்தில் எலி வளை போன்ற ஒரு கரிக்குழிக்குள் தண்ணீர் புகுந்தது. 15 பேர் உள்ளே மாட்டினார்கள். காப்பாற்றப் போனவர்களுக்குச் சுரங்கத்தின் வரைபடம் தேவைப்பட்டது. அப்படி ஒரு படமே இல்லை.

ராணிகஞ்சில் 1774-ஆம் ஆண்டிலேயே கரி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். இருநூறு ஆண்டுகளாகப் பல முதலாளிகள் வந்தார்கள், வெட்டினார்கள், போனார்கள். 1971 முதல் 1973 வரை அரசு சுரங்கங்களைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அப்போது பல நூறு சுரங்கங்கள் இருந்தன. பழைய முதலாளிகளில் பலர் எங்கே வெட்டினோம், எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதைச் சரியாக எழுதி வைக்கவில்லை. பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டர் தூரத்துக்குள் அனுமதியில்லாமல் போகக்கூடாது என்று விதி உண்டு. ஆனால் பழைய சுரங்கம் எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால், 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது?

இது கரிச் சுரங்கத்துக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல.

ஊர்ப்புறத்துக் குழிகள்

எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் அங்கே மண்ணையோ கல்லையோ தோண்டி எடுத்திருப்பார்கள். கேரளத்திலும் கோவாவிலும் வீடு கட்டச் செம்புரைக்கல் வெட்டுகிறார்கள். கங்கைச் சமவெளியில் செங்கல் சூளைக்கு மண் எடுக்கிறார்கள். கர்நாடகத்தில் கருங்கல் உடைக்கிறார்கள். ரயில் பாதை போட்டபோது கரையை உயர்த்தப் பக்கத்து நிலத்திலிருந்தே மண் எடுத்தார்கள். ரயிலில் போகிறவர்கள் பாதை ஓரத்தில் வரிசையாகக் குட்டைகளைப் பார்க்கலாம். அவை மண் எடுத்த குழிகள்தான்.

வேலை முடிந்ததும் குழி அப்படியே கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். ஆடு மாடு குடிக்கும். பிள்ளைகள் குளிக்கப் போவார்கள். கல்குவாரிக் குழி ஏரியைப் போலச் சரிவாக இறங்காது. கரையிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் அடுத்த அடி இருபது, முப்பது அடி ஆழத்தில் இருக்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாட்டில் எங்காவது ஒரு பிள்ளை இப்படி மூழ்கிய செய்தி வருகிறது.

பிறகு ஒரு நாள் யாராவது குழியை மூடுவார்கள். சாம்பல், இடிந்த சுவர், குப்பை, எது கிடைக்கிறதோ அதைக் கொட்டுவார்கள். மேலே ஓர் அடி மண்ணைப் பரப்பினால் முடிந்தது. புல் முளைக்கும். நிலம் கை மாறும். இருபது, முப்பது ஆண்டுகளில் அங்கே குழி இருந்ததை அறிந்தவர்கள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள்.

மூடிய குழி சும்மா இருக்காது. கொட்டிய மண் பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் வீடு கட்டினால் சுவர் வெடிக்கும். வீட்டின் பாதி பழைய கெட்டித் தரையிலும் பாதி மூடிய குழியிலும் இருந்தால் இன்னும் மோசம். ஒரு பக்கம் நிற்கும், ஒரு பக்கம் இறங்கும். கொத்தனாரைத் திட்டிப் பயன் இல்லை. அவர் கண்டது புல் முளைத்த தரையை மட்டுமே.

குப்பை கொட்டி மூடிய குழி இன்னொரு வகையில் கெடுக்கும். பெங்களூரின் வடக்கே பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி ஆகிய இடங்களில் பழைய கல்குவாரிக் குழிகளில் நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள். குப்பையில் இறங்கும் மழைநீர் கறுப்புச் சாறாகக் கீழே வடியும். பாறை வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் போகும். இன்று குப்பை வண்டி வருவதை எல்லோரும் பார்க்கிறார்கள். நாற்பது ஆண்டு கழித்து அங்கே கிணறு வெட்டுகிறவருக்கு யார் சொல்வார்கள்?

அதனால்தான் மறைந்த குழிகளைத் தேடிக் கண்டுபிடித்துக் குறித்து வைக்கிறார்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது?

முதல் சாட்சி, வயதானவர்கள்

"பெரியவரே, இந்தப் பக்கம் எப்போதாவது கல் உடைத்தார்களா?"

"உடைத்தார்களே தம்பி! என் கல்யாணத்துக்கு முன்னால். அந்தப் புளியமரத்துக்கு மேற்கே. எருமை ஒன்று விழுந்து செத்தது."

இப்படி ஒரு பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கல் உடைத்த தொழிலாளர்களின் குடும்பங்களைக் கேட்பது இன்னும் நல்லது. நிலத்தின் சொந்தக்காரருக்கு மறந்துபோன இடம், கூலிக்குச் சம்மட்டி அடித்தவருக்கு மறக்காது. ஆனால் புளியமரத்தை வெட்டியிருப்பார்கள். மேற்கே என்றால் எத்தனை அடி என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. அவருடைய தாத்தா காலத்துக் குழி அவருக்கே தெரியாது. அப்போது காகிதத்தைத் தேட வேண்டும்.

பழைய வரைபடம்

இந்தியாவில் நிலத்தை அளந்து படம் போடும் மத்திய அரசுத் துறை 1767-ல் தொடங்கியது. அதற்கு இந்திய நில அளவைத் துறை என்று பெயர். தலைமை அலுவலகம் டேராடூனில் இருக்கிறது. 1802-ல் லாம்டன் என்ற அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே இரும்புச் சங்கிலியால் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்தார். அந்தக் கோட்டை வைத்து, முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்துகொண்டே போனார்கள். இமயமலை வரைக்கும் அந்த அளவை போனது.

அந்த அளவையின் மேல்தான் பிறகு வந்த படங்களைப் போட்டார்கள். பழைய படங்களில் ஒரு மைல் தூரத்தை ஓர் அங்குலமாகச் சுருக்கி வரைந்தார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு குழி 165 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய குழிதான். அந்தப் படத்தில் அது ஓர் அங்குலத்தில் 32-ல் ஒரு பங்காக ஆகிவிடும். ஒரு கடுகைவிடச் சிறியது! அதனால் பெரிய குவாரிகளையே அதில் காணலாம். சின்னக் குழிகள் அதில் வராது.

கிராமப் படம் வேறு. அது வரி வசூலுக்காகப் போட்ட படம். ஒவ்வொரு வயலுக்கும் எண் உண்டு. வங்காளத்தில் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற கணக்கில் கிராமப் படம் போட்டார்கள். அதாவது, படத்தில் ஓர் அங்குலம், நிலத்தில் 330 அடி. அதே 165 அடிக் குழி இதில் அரை அங்குலம் இருக்கும். கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம்.

படத்தோடு பதிவேடும் உண்டு. வங்காளத்தில் 'டோபா' என்று எழுதியிருந்தால் அது குட்டை. வட இந்தியாவில் 'கைர் மும்கின்' என்று எழுதியிருந்தால் பயிர் செய்ய முடியாத நிலம். நான்கு பக்கமும் நல்ல வயல் இருக்க, நடுவில் ஓர் எண் மட்டும் ஏன் பயிர் செய்ய முடியாததாக இருந்தது? கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

படம் பார்க்கிறவர்கள் குழியை மட்டும் தேடுவதில்லை. குழிக்குப் போன பாதையைத் தேடுகிறார்கள். ஊரிலிருந்து ஒரு வண்டிப் பாதை புறப்படுகிறது. எந்த ஊருக்கும் போகவில்லை. வெட்டவெளியில் நின்றுவிடுகிறது. அங்கே எதையோ ஏற்றியிருக்கிறார்கள். வயல் வரப்பையும் பார்க்கிறார்கள். நேராக வந்த வரப்பு ஓர் இடத்தில் காரணம் இல்லாமல் வளைந்து சுற்றிப் போகிறது. குழி மூடிப் போனாலும் வரப்பு வளைந்தபடியே இருக்கும். இரண்டு பேருக்குச் சொந்தமான வரப்பை நேராக்குவது அவ்வளவு எளிதா என்ன?

வெவ்வேறு காலத்தில் போட்ட இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. முதல் படத்தில் குழி இருக்கிறது. அடுத்த படத்தில் இல்லை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் மூடியிருக்கிறார்கள். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. படத்தின் ஓரத்தில் இரண்டு ஆண்டுகள் போட்டிருக்கும். ஒன்று அச்சடித்த ஆண்டு. இன்னொன்று நிலத்தை அளந்த ஆண்டு. அளந்த ஆண்டுதான் கணக்கு. அளந்து பல ஆண்டு கழித்து அச்சடித்த படங்களும் உண்டு.

வானிலிருந்து எடுத்த படம்

வரைபடம் போடுகிறவர் தமக்குத் தேவையானதை மட்டும் வரைவார். காமிரா அப்படி இல்லை. அதன் முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடும்.

படம் எடுக்கும் விமானம் நேர் கோட்டில் பறக்கும். அதன் அடியில் காமிரா தரையைப் பார்த்தபடி இருக்கும். ஒரு படத்தில் விழுந்த நிலத்தில் பாதிக்கும் மேல் அடுத்த படத்திலும் விழும்படி எடுப்பார்கள். பிலிம் வீணாகிறதே என்று தோன்றும். இதற்குக் காரணம் உண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். தடுமாறும். இரண்டு கண்ணும் ஒரே பொருளைச் சற்று விலகி நின்று பார்ப்பதால்தான் அருகு எது, தூரம் எது என்று தெரிகிறது. விமானம் ஒரே இடத்தை இரண்டு இடத்திலிருந்து எடுக்கிறது. அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, அதற்கென்று உள்ள இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நிலம் எழுந்து நிற்கும். மலை உயரும். குழி உள்ளே இறங்கும். உண்மையில் இருப்பதைவிட ஆழமாகவே தெரியும். பத்தடிப் பள்ளம்கூடக் கண்ணுக்குத் தப்பாது.

ஒரே ஒரு படம் இருந்தால் நிழலைப் பார்க்க வேண்டும். இங்கே கண் ஏமாற்றும். படத்தின் மேல் பக்கம் வடக்கு. நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியில் வெயில் தெற்கிலிருந்து விழும். ஆகவே நிழல் படத்தின் மேல் பக்கமாக விழும். ஆனால் வெளிச்சம் மேலிருந்து வருவதாக நினைத்தே நம் கண் பழகியிருக்கிறது. அதனால் குழி மேடாகத் தெரியும், மேடு குழியாகத் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

தண்ணீர் நிற்கும் குழி கறுப்பாக இருக்கும். புதிதாக வெட்டிய பாறை வெள்ளையாக இருக்கும். மூடிய குழியை எப்படிக் காண்பது? அதற்குப் பயிர் சாட்சி சொல்லும். குழியில் கொட்டிய மண் ஆழமானது, பொலபொலப்பானது. ஈரத்தைப் பிடித்து வைக்கும். கோடையில் சுற்றிலும் பயிர் வாடும்போது அந்த இடம் மட்டும் வட்டமாகப் பச்சையாக இருக்கும். கல்லும் செங்கல்லும் கொட்டி மூடியிருந்தால் நேர்மாறாக நடக்கும். சுற்றிலும் பச்சையாக இருக்க, அந்த வட்டம் மட்டும் முதலில் காயும். வயலில் நிற்பவருக்கு இது ஏதோ உரக்குறை போலத் தோன்றும். மேலே இருந்து பார்த்தால் வட்டம் தெளிவாகத் தெரியும்.

பழைய வான்படங்கள் கிடைக்காத இடங்களுக்கு எதிர்பாராத ஓர் உதவி கிடைத்தது. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா 'கொரோனா' என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. அவை வானத்திலிருந்து பிற நாடுகளைப் படம் பிடித்தன. படம் எடுத்த பிலிமை ஒரு பெட்டியில் வைத்துக் கீழே போடும். பாராசூட்டில் இறங்கும் பெட்டியை விமானம் ஒன்று நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும்! ரகசியமாக இருந்த அந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை 1995-ல் வெளியே விட்டார்கள். அவற்றில் நம் நாட்டின் வயல்களும் உண்டு. நல்ல படங்களில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள்கூடத் தெரியும். அடுத்த வீட்டை வேவு பார்க்க எடுத்த படம், அந்த வீட்டுக்காரருக்கே உதவியது.

இப்போது வேலை இன்னும் எளிதாகிவிட்டது. 2016 முதல் நம் அரசு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு சுரங்கங்களைக் கவனிக்கிறது. அனுமதி கொடுத்த எல்லைக்கு வெளியே 500 மீட்டர் வரை யாராவது திருட்டுத்தனமாகத் தோண்டுகிறார்களா என்று பார்க்கிறார்கள். 2017 முதல் இந்திய நில அளவைத் துறையின் பல வரைபடங்கள் கணினி வழியாகக் கிடைக்கின்றன. கூகுள் எர்த் என்ற கணினிப் படத்தில் ஒரே இடத்தின் முந்தைய ஆண்டுப் படங்களையும் பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் காட்டச் சொல்லலாம்.

கடைசியில் நடந்துதான் பார்க்க வேண்டும்

படத்தில் ஒரு வட்டம் தெரிந்தவுடன் குழி என்று முடிவு கட்டக்கூடாது. பழைய களம், தூர்ந்த கிணறு, கரையான் புற்று, மாட்டுத் தொழுவம் இருந்த இடம், இவையும் வட்டமாகத்தான் தெரியும். வரைபடமும் வான்படமும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பிக்கை வரும். பிறகு இடத்துக்குப் போக வேண்டும்.

படத்தில் உள்ள இடத்தைத் தரையில் எப்படிப் பிடிப்பது? மாறாத பொருள்களைத் தேடுகிறார்கள். சாலை மாறும். மரம் போய்விடும். ஆறுகூடத் திசை மாறும். கோயில், மசூதி, பழைய கல் கிணறு, மூன்று ஊர் எல்லை கூடும் இடத்தில் நட்ட கல், இவை மாறுவதில்லை. இப்படி மூன்று இடங்களிலிருந்து படத்தில் அளந்து, அதே தூரத்தைத் தரையிலும் அளக்கிறார்கள். மூன்று அளவும் கூடும் இடம்தான் குழி. பழைய படத்தில் கொஞ்சம் பிழை இருக்கும். அதனால் மூன்றும் ஒரே புள்ளியில் சேராமல் சின்ன முக்கோணமாகச் சேரும். அந்த முக்கோணத்துக்குள் தேட வேண்டும்.

அங்கே தரை சற்றே அமுங்கியிருக்கலாம். மழைக்குப் பிறகு தண்ணீர் மெதுவாக வடியலாம். ஏர் உழும்போது உடைந்த ஜல்லியும் செங்கல் துண்டும் மேலே வரலாம். மண் துளைக்கும் கம்பியைத் திருகி இறக்கினால் சந்தேகம் தீர்ந்துவிடும். பக்கத்து நிலத்தில் மூன்றடியில் பாறை தட்டுகிறது. இங்கே பதினைந்து அடி போயும் தட்டவில்லை. கம்பியில் கரியும் கண்ணாடித் துண்டும் ஒட்டி வருகின்றன. அப்படியென்றால் அது குழிதான்.

மனை வாங்குகிறவர் இவ்வளவும் செய்ய முடியாது. ஆனால் கிராமப் படத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அதை வைத்திருப்பவருக்கு வட இந்தியாவில் பட்வாரி என்று பெயர். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தலாட்டி. விற்பவர் காட்டும் மனைப் படத்தில் குழி இருக்காது. அது மனை விற்பதற்காகப் போட்ட படம். இன்னும் மூடாமல் கிடக்கும் குழி ஊரில் இருந்தால், அது எந்த எண் நிலத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆழம், யார் எதைக் கொட்டுகிறார்கள் என்று தேதி போட்டு எழுதி, கிராமசபைக் கூட்டத்தில் கொடுத்துப் பதியச் சொல்லலாம். ஒரு பக்கக் காகிதம் போதும்.

மூடாமல் விட்ட குழி சில நேரம் ஊரைக் காப்பாற்றவும் செய்யும். சென்னைக்குப் பக்கத்தில் சிக்கராயபுரத்தில் பழைய கல்குவாரிகள் இருக்கின்றன. 2017-லும் 2019-லும் சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. அப்போது அந்தக் குவாரிகளில் தேங்கிய மழைநீரைச் சுத்தம் செய்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். அவற்றைக் குப்பையால் நிரப்பியிருந்தால் அது நடந்திருக்காது.

மறைந்த குழியைத் தேடித் திறந்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் என்ற மாவட்டம். அங்கே முன்பு விவசாயிகள் வயல் நடுவே குழி தோண்டிச் சுண்ணாம்பு கலந்த களிமண்ணை எடுத்தார்கள். புளித்துப் போன மண்ணில் அதைப் பரப்பினால் விளைச்சல் கூடும். தோண்டிய குழிகள் குளங்கள் ஆயின. பிறகு டிராக்டர் ஓட்ட இடைஞ்சல் என்று அவற்றில் பலவற்றை மூடிவிட்டார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பழைய வரைபடங்களையும் வயலில் தெரிந்த ஈரத் திட்டுகளையும் கொண்டு இந்தக் குழிகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்குப் 'பேய்க் குளங்கள்' என்று பெயர் வைத்தார்கள். மூன்று குழிகளில் கொட்டியிருந்த மண்ணை மட்டும் அள்ளினார்கள். அடியில் பழைய குளத்தின் கறுப்புச் சேறு அப்படியே இருந்தது. ஒரு குளம் மூடி 45 ஆண்டு, ஒன்று 50 ஆண்டு, ஒன்று 150 ஆண்டு ஆகியிருந்தது. தண்ணீர் நிரம்பியது. யாரும் எதையும் நடவில்லை. சில மாதங்களில் சேற்றுக்குள் உறங்கிக் கிடந்த விதைகள் முளைத்தன. 8 வகை நீர்ச்செடிகள் மேலே வந்தன. 2017-ல் இந்தச் செய்தியை வெளியிட்டார்கள்.